மாயக் கதைக்கு இரண்டாம் பாகம் வேண்டும்!

நரியைப் பரியாக்கிய கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் யார்? பாண்டியனுடைய மந்திரி குதிரை வாங்கப் புறப்பட்டார். போன வழியில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார். குதிரைக்கென்று கொண்டு போன பொன்னெல்லாம் கோயில் திருப்பணியில் கரைந்தது. அரசன் ஓலை மேல் ஓலை விடுத்தான். கடைசியில் காட்டு நரிகளெல்லாம் கம்பீரமான குதிரைகளாக மாறி மதுரை வீதியில் அணிவகுத்து வந்தன. மதுரையில் ஆவணி மூல உற்சவத்தில் இன்றும் இந்த லீலையை நடத்திக் காட்டுகிறார்கள். குழந்தைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அன்றிரவே பரிகளெல்லாம் நரிகளாயின. லாயத்தில் ஏற்கெனவே நின்ற நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப் போயின. அதற்காக மந்திரியைக் கொதிக்கும் வைகை மணலில் உச்சி வெயிலில் நிறுத்தினார்கள். பிறகு வைகை பெருகிற்று; ஊர் தத்தளித்தது. வந்திக் கிழவியின் பிட்டும், மண் சுமந்தவர் முதுகில் விழுந்த பிரம்படியும் அதற்கப்புறம் வந்தவைதான். மாயம் நடந்து முடிந்த பிறகு வரும் பொழுது இருக்கிறதே, அதுவே இந்தக் கதையின் கனமான பகுதி.

அந்த மந்திரிதான் மாணிக்கவாசகர். பதவியையும் அரண்மனையையும் உதறிவிட்டுத் தலம் தலமாகச் சென்றவர் திருவண்ணாமலைக்கும் வந்தார். மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் புறமாக அடி அண்ணாமலை என்ற சிற்றூர் இருக்கிறது. பெரிய கோயிலுக்கும் முந்தியது என்று ஜனங்கள் நம்பும் ஆதி அருணாசலேசுவரர் கோயில் அங்கே உண்டு. மாணிக்கவாசகருக்கும் தனிக் கோயில் உண்டு. திருவெம்பாவை பிறந்த இடம் அதுதான் என்பது ஊர் வழக்கு. பௌர்ணமி இரவில் அந்த வழியாக லட்சக் கணக்கானவர்கள் நடந்து போகிறார்கள். பாதி தூரம் தாண்டிவிட்ட களைப்பில் பலர் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நரி பரியான கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதைக்குரியவர் பிற்பாடு எங்கே போனார், என்ன ஆனார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப் ‘பிற்பாடு’தான் இன்று உலகெங்கும் இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் மாயக் கதைகளின் முக்கிய விஷயமாக ஆகியிருக்கிறது. பெரியவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

“முதல் பாகமே தண்டம்!”

பல வீடுகளில் நடக்கும் சம்பாஷணை இது.

“ஏண்டா, பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லை. மந்திரமும் பிசாசுமாக என்ன புத்தகம் அது?” என்கிறார் அப்பா.

“இது இரண்டாம் பாகம், அப்பா.”

“முதல் பாகமே தண்டம், இதிலே இரண்டாம் பாகம் வேறா?”

பையன் வாயை மூடிக்கொள்கிறான். புத்தகம் தலையணைக்கு அடியில் போகிறது. அப்பா ஒன்றை மட்டும் கேட்டிருக்கலாம்: “அதிலே என்னடா இருக்கிறது?”

என்ன இருக்கிறது என்று பார்ப்போமானால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நைஜீரிய வம்சத்துப் பெண் எழுத்தாளர் டோமி அடெயெமி 2018-ல் ஒரு மாயக் கதை எழுதினார். ஒடுக்கப்பட்ட ஜனங்களின் மந்திர சக்தியை ஓர் அரசன் அழித்துவிடுகிறான். ஒரு பெண் அதை மீட்கப் புறப்படுகிறாள். 2019-ல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. சக்தி திரும்பிவிட்டது. ஆனால் யாரை எதிர்த்துப் போராடினார்களோ அந்தப் பிரபுக்களுக்கும் அது வந்து சேர்ந்துவிடுகிறது. நாடு இரண்டுபட்டு உள்நாட்டு யுத்தம் மூளுகிறது. முதல் பாகத்தில் தகப்பனை இழந்த கதாநாயகிக்கோ ஜயித்தும் சந்தோஷமில்லை. துக்கமும் குற்ற உணர்ச்சியும் அவளைப் பிடித்துக்கொள்கின்றன.

இது புதிய மோஸ்தரும் அல்ல. அர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க ஆசிரியை 1968-ல் ஒரு மந்திரவாதிச் சிறுவனின் கதையை எழுதி, 1971-ல் அதற்கு அடுத்த நூலை வெளியிட்டார். அதில் வருபவள் டெனார் என்ற பெண். சின்னஞ்சிறு வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்து, இருண்ட சுரங்கக் கோயிலில் பூசாரிணியாக வைத்துவிடுகிறார்கள். அவள் துணிந்து அந்தக் கட்டை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். வந்தவள் ஆடிப்பாடவில்லை, அழுகிறாள். வீணாய்ப்போன வருஷங்களை எண்ணி அழுகிறாள். விடுதலையும் ஒரு சுமைதான் என்று அவளுக்குப் புரிகிறது.

உலகப் பிரசித்தி பெற்ற ஹாரி பாட்டர் கதையிலும் இப்படித்தான். 2003-ல் வந்த ஐந்தாம் புத்தகத்தில் அந்தப் பையனுக்கு வயது 15. முந்திய புத்தகத்தில் உடன் படித்தவன் ஒருவன் கண்ணெதிரே மாண்டு போனதைப் பார்த்தவன். அவன் சொல்வதை அதிகாரத்தில் உள்ளவர்கள் நம்பவில்லை. ஆகவே அவன் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறான். பள்ளிக்கூடத்தில் ரகசியமாகப் படை திரட்டுகிறான். அந்தக் கதைகளில் ‘டிமென்டர்’ என்ற பூதங்கள் வருகின்றன. மனிதனை நெருங்கினாலே அவனுடைய சந்தோஷமான நினைவுகளையெல்லாம் உறிஞ்சிவிடும். தம்மை ஒரு காலத்தில் வாட்டிய மனச்சோர்விலிருந்தே அந்தப் பூதங்களைப் படைத்ததாக ஆசிரியை ஜே.கே. ரௌலிங் சொல்லியிருக்கிறார்.

ஆக, ‘பேயும் பிசாசும்’ என்று அப்பா ஒதுக்கிவிட்ட புத்தகத்துக்குள் இருப்பது துக்கம், கோபம், பயம், குற்ற உணர்ச்சி. பையன் நெஞ்சிலும் இவைதாம் இருக்கின்றன. புத்தகத்தில் அதற்குப் பெயர் இருக்கிறது, வீட்டில் இல்லை.

மீண்டும் முருங்கை மரம்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாயக் கதை புதிதல்ல. 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ பல தலைமுறைகளை வளர்த்தது. தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளுடன் மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படம் லட்சோபலட்சம் பேர் கண்ணில் இன்னும் நிற்கிறது. பத்திரிகை நின்றுபோன பிறகும் படம் நிற்கிறது.

அந்தக் கதையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், ராஜா பதில் சொல்வான், மௌனம் கலைந்ததும் வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில் ஏறிவிடும். தீராத தொல்லைக்குத் தமிழில் அதுவே பழமொழியாகவும் ஆகிவிட்டது. ராஜா என்ன செய்தான்? அலுத்துக்கொள்ளவில்லை. மரத்தண்டை போனான், ஏறினான், இறக்கினான், தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மறுமுறையும் அப்படியே.

மனத்தின் நோயும் இந்த வேதாளம் போன்றதுதான். இன்று இறங்கும், நாளை ஏறும். “போன மாதம் நன்றாகத்தானே இருந்தாள்? இப்போது என்ன வந்தது?” என்று கேட்கிற வீட்டார் விக்கிரமாதித்தனிடம் பாடம் கற்க வேண்டும். ஆனால் அந்தக் கதைகளில் ராஜாவின் மனம் எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்குத் தோள் வலித்ததா? ஒருநாளாவது ‘போதும்’ என்று தோன்றியதா? பத்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதுதான் தேவை. இரண்டாம் பாகத்தின் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது.

கோபுரத்து இளையனார்

மாயம், கலகம், மனத்துயர் மூன்றும் சேர்ந்த இளைஞன் கதையைத் தேடி அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. அடி அண்ணாமலையிலிருந்து கிரிவலத்தை முடித்துக்கொண்டு பெரிய கோயிலுக்குள் நுழைந்தால் போதும். அங்கே வல்லாள மகாராஜன் கோபுரத்தை ஒட்டி ‘கோபுரத்து இளையனார்’ சந்நிதி இருக்கிறது. அருணகிரிநாதருடைய கதையின் முதல் பாகத்துக்குச் சாட்சி அது.

கர்ணபரம்பரையாக வரும் கதை இது: அருணகிரி இளம் வயதில் யார் சொல்லும் கேளாமல் திரிந்தார். சொத்து கரைந்தது, உடலில் நோய் பற்றியது. மனம் வெறுத்துப்போன தமக்கையின் வாயிலிருந்து ஒரு கசந்த சொல் வந்தது. அந்தச் சொல் தைத்தது. வாழ்வே வேண்டாம் என்று கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிக்கொண்டான். 1964-ல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜன் அந்த வேடத்தில் நடித்தார். தமிழ் ஜனங்களில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் அருணகிரி அவர்தான்.

இதைக் கேட்டுவிட்டுப் பலரும் கதை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். முடியவில்லை. தாங்கிய கையே அடுத்தபடி என்ன செய்தது? வாய் பேசாமல் சும்மா இருக்கும்படி உபதேசம் செய்தது. பாட்டுப் பிறந்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பாட்டுக்காக அவர் ஊர் ஊராக அலைந்தார். 16,000 பாடினார் என்பது ஐதீகம். இன்று கிடைப்பவை 1,300-க்குச் சற்று அதிகம். அவற்றையும் ஏடு ஏடாகத் தேடிச் சேர்த்து, 1894-ல் முதல் தொகுதியை அச்சேற்றியவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை.

அதற்கும் பின்னால் நடந்ததைக் கேளுங்கள். அரசன் பிரபுடதேவராயன் முன்னிலையில் அருணகிரிக்கும் சம்பந்தாண்டானுக்கும் போட்டி. முருகன் கம்பத்தில் தோன்றிக் காட்சி தருகிறான். அந்தப் பேரொளியில் அரசன் பார்வையை இழக்கிறான். தேவலோகத்துப் பாரிஜாதத்தால் கண் திறக்கும் என்கிறார்கள். அருணகிரி தம் உடலைக் கோபுரத்தில் கிடத்திவிட்டு, இறந்த கிளி ஒன்றின் உடலில் புகுந்து பறக்கிறார். மலருடன் திரும்பினால், உடலைச் சம்பந்தாண்டான் எரித்துவிட்டிருக்கிறான். பழைய உடல் இனி இல்லை. பழைய வாழ்க்கையும் இல்லை.

கூட்டுக்குத் திரும்ப வழியில்லாத கிளி என்ன செய்தது? கோபுரத்தில் உட்கார்ந்து பாடிற்று. பெரிய கோயிலில் அந்தக் கோபுரத்துக்குக் கிளி கோபுரம் என்றே பெயர். இழந்ததை மீட்டுத் தராத மாயக் கதை இது. இழந்த பிறகும் பாட முடியும் என்று சொல்கிற கதை. உலகத்தின் எந்த இரண்டாம் பாகத்துக்கும் இது குறைந்ததல்ல.

கலகம் என்றால் திமிரா?

இளம் வயதுப் பிள்ளை எதிர்த்துப் பேசினால் பெரியவர்கள் சொல்லும் சொல் ‘திமிர்’. மாயக் கதைகளில் வரும் கலகங்களைக் கண்டு அவர்கள் அஞ்சுவதும் அதனால்தான். ஆனால் திருவண்ணாமலையின் சரித்திரத்தில் பாதி, வீட்டையோ அரசையோ எதிர்த்துப் புறப்பட்டவர்களின் சரித்திரமல்லவா?

1896 ஆகஸ்ட் மாதம் மதுரையில் 16 வயதுப் பையன் வேங்கடராமனைப் படிப்பில் கவனமில்லை என்று அண்ணன் கண்டித்தார். அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மிச்சம் 2 ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் பையன் புறப்பட்டான். செப்டம்பர் 1-ஆம் தேதி அண்ணாமலையார் முன் நின்றான். பின்னால் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

இதிலும் முதல் பாகத்தையே ஜனங்கள் வியந்து சொல்கிறார்கள். அடுத்த பாகம் கடினமானது. ஊர்ச் சிறுவர்கள் அவர்மீது கல் எறிந்தார்கள். பாதாள லிங்கக் குகையில் தன் நினைவற்று உட்கார்ந்திருந்தவரின் தொடைகளைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாக்கின. ஊரார் பித்தர் என்று எண்ணிய சேஷாத்ரி சுவாமிகள் அந்தப் பிள்ளையைக் காக்க முயன்றார். கடைசியில் சிலர் கைகொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். மகனைத் தேடி வந்த தாய் அழுதுவிட்டுத் திரும்பிப் போனார். பல வருஷங்கள் கழித்து 1916-ல் மகனிடமே வந்து சேர்ந்தார்.

வீட்டை விட்டுப் போகிற பிள்ளைகளெல்லாம் மகரிஷிகள் ஆவதில்லை. ரயிலடியிலும் பஸ் நிலையத்திலும் திகைத்து நிற்பவர்களே அதிகம். ஆகையால் புறப்பட்ட நாளை மட்டும் புகழ்ந்து எழுதுவது பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரமாகாது. பசித்த நாள், பயந்த நாள், தூக்கிவிட்ட கை, காத்திருந்த தாய் ஆகியவற்றையும் எழுத வேண்டும். கலகத்தை ஒளிப்பதும் தவறு. அதன் விலையை ஒளிப்பதும் தவறு.

மணி அடித்த கதை

“துக்கத்தையும் சாவையும் பற்றிப் படித்தால் பிள்ளைகள் மனம் கெட்டுவிடாதா?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது.

ஜெர்மானிய மகாகவி கதே 1774-ல் வெர்தர் என்ற வாலிபனைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். காதலில் தோற்று உயிரை விட்டவன் கதை அது. அவனைப் பின்பற்றி இளைஞர்கள் சிலர் மாண்டார்கள் என்ற அச்சத்தால் சில இடங்களில் அதற்குத் தடையும் விதித்தார்கள். தற்கொலையைப் பரபரப்பாக வருணித்தால் அது மேலும் சிலரைத் தூண்டிவிடும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. 1974-ல் ஓர் ஆராய்ச்சியாளர் அதற்கு ‘வெர்தர் விளைவு’ என்றே பெயர் வைத்தார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1791-ல் மோசார்ட் இசையமைத்த ‘மாயப் புல்லாங்குழல்’ என்ற இசை நாடகத்தில் பாபகேனோ என்ற பறவை பிடிப்பவன் வருகிறான். தன் காதலியை இழந்துவிட்டதாக எண்ணி உயிரை விடத் துணிகிறான். அப்போது மூன்று சிறுவர்கள் வந்து, “உன்னிடம் மாய மணி இருக்கிறதே, அதை மறந்துவிட்டாயா?” என்று நினைவூட்டுகிறார்கள். அவன் மணியை அடிக்கிறான், பிழைக்கிறான். நெருக்கடியிலிருந்து ஒருவர் எப்படி மீண்டார் என்று எடுத்துச் சொன்னால், கேட்பவர்களுக்கு அது காப்பாக இருக்கக்கூடும் என்று 2010-ல் ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர்கள் கண்டு அதைப் ‘பாபகேனோ விளைவு’ என்றார்கள்.

ஆகவே விஷயத்தைச் சொல்லலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதே கேள்வி. அருணகிரி கதையைக் கோபுரத்தோடு நிறுத்துவது ஆபத்து. விழுந்தால் ஒரு கை வந்து தாங்கும் என்று எந்தப் பிள்ளையும் நினைத்துவிடக் கூடாது. புராணத்தில் வந்த கை வாழ்க்கையில் வராது. வாழ்க்கையில் அந்தக் கை தாய், தகப்பன், ஆசிரியர், சிநேகிதன், வைத்தியர் ஆகியோருடைய கைதான். அதுவும் கோபுரத்தில் ஏறுவதற்கு முன்பே நீள வேண்டிய கை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 15 முதல் 29 வயதுக்கு உட்பட்டவர்களின் மரணத்துக்கு மூன்றாவது பெரிய காரணம் தற்கொலை. பிள்ளைகள் இதைப் பற்றிக் கதைப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்று யாராவது நினைத்தால் அது வெகுளித்தனம்.

மந்திரம் வேறு, மருந்து வேறு

கதையில் மந்திரம் இருக்கட்டும். வேண்டிய மட்டும் இருக்கட்டும். வாழ்க்கையில் மனநோய்க்கு மந்திரத்தை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு கொடிய காலைப் பொழுதில் கண்டது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தார் அழைத்துவந்து விட்டவர்கள் அவர்கள்.

குற்றம் தர்காவினுடையதும் அல்ல, பிரார்த்தனையினுடையதும் அல்ல. திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் சந்நிதியிலும் மனநோயாளிகள் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் உண்டு. துக்கப்பட்டவர்கள் தெய்வத்தின் வாசலுக்குப் போவது இயற்கை. மருந்து வேண்டிய இடத்தில் சங்கிலியைப் போட்டதுதான் குற்றம். பிரார்த்தனையும் வைத்தியமும் கைகோத்துப் போக முடியும், போகவும் வேண்டும்.

சட்டமும் மெல்ல மெல்லக் கண் திறந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அருணகிரி அந்தக் காலத்தில் விழுந்து பிழைத்திருந்தால், சந்நிதிக்குப் பதிலாகக் கச்சேரிக்குத்தான் போயிருக்க வேண்டும்! அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் தருவது அரசின் கடமை என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இல்லை. விழுந்தவனை அடிக்காமல் தாங்க வேண்டும் என்று சட்டம் கற்றுக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

இரண்டாம் பாகம் யார் எழுதுவது?

தமிழில் குழந்தைகளுக்கு மாயக் கதை உண்டு. பெரியவர்களுக்குச் சரித்திரக் கதையும் சமூகக் கதையும் உண்டு. நடுவில் நிற்கிற பதினைந்து வயதுக்கு என்ன இருக்கிறது? மீசை அரும்பும் பையனும், பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்ணும் ஆங்கிலப் புத்தகத்தைத் தேடுவதில் வியப்பில்லை. ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. உடலை இழந்த கிளி இருக்கிறது. பரி நரியான இரவு இருக்கிறது. மீண்டும் மீண்டும் மரம் ஏறும் வேதாளம் இருக்கிறது. எழுத்தாளர்கள் இவற்றை எடுத்து இந்தத் தலைமுறைக்குச் சொல்லலாம். சொல்லும்போது ஒரு நியமம் வேண்டும்: துன்பத்தை மறைக்கக் கூடாது, அதற்கு அலங்காரமும் செய்யக் கூடாது. கடைசிப் பக்கத்தில் ஒரு மந்திரக் கோலால் எல்லாத் துயரையும் துடைத்துவிடவும் கூடாது. மனம் ஆறுவதற்கு நாளாகும் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

பெற்றோர் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். தலையணைக்கு அடியில் இருக்கும் புத்தகத்தைப் பிடுங்குவதற்குப் பதிலாக, “அந்தப் பெண் ஏன் அழுகிறாள்?” என்று ஒருநாள் கேட்டுப் பார்க்கட்டும். கதையில் வரும் பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கும் பிள்ளை, தன்னைப் பற்றியும் பேசத் தொடங்கக்கூடும். பேச்சில் இருள் தென்பட்டால் வைத்தியரிடம் போக வெட்கப்பட வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை 2022 முதல் நடக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை, இரவு பகல் என்ற கணக்கும் இல்லை. சென்னையில் 1986-ல் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பும் துயரப்பட்டவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுவருகிறது.

அடி அண்ணாமலையில் பிறந்ததாகச் சொல்லும் திருவெம்பாவையில் நடப்பது என்ன? மார்கழி மாதத்து விடியற்காலை. இளம் பெண்கள் நீராடப் புறப்படுகிறார்கள். ஒருத்தி எழுந்திருக்கவில்லை. ‘அவள் கிடக்கட்டும்’ என்று அவர்கள் போய்விடவில்லை. அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள்; கேலி செய்கிறார்கள்; உள்ளேயிருந்து பதில் வரும்வரை நிற்கிறார்கள். பிறகு அடுத்தவள் வீட்டு வாசல்.

அந்தப் பாட்டுக்கு அடியார்கள் எத்தனையோ தத்துவார்த்தம் சொல்வார்கள். மூடிய கதவுக்குள் ஒரு பிள்ளை இருக்கும் வீட்டாருக்கு அதன் நேர்ப் பொருளே போதும். கூப்பிட வேண்டும். பதில் வரும்வரை வாசலை விட்டு நகரக் கூடாது.